பொல்கொட வாவியில் ஒரு பொய்யிரை

ஹெவ்லொக் டவுனிலே குடியிருப்போருக்கு நீர்நிலைகள் புதியனவல்ல. மேற்கே சிறிது தூரம் நடந்தால் கடல். தெற்கே கிருலப்பனைக் கால்வாய். அதிலிருந்து பிரிந்து கடலை நோக்கிச் செல்வது வெள்ளவத்தைக் கால்வாய். 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய வீதியோரத்திலே, முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற நிலத்தில், இன்று ஹெவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் வானளாவி நிற்கின்றன. ஊர் எவ்வளவோ மாறியும் கால்வாய் மாத்திரம் பழைய கால்வாயே. அதன் கரையிலே கபரகொய்யா வெயில் காய்வதும், கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதும், சவோய் படமாளிகைக்கு அணித்தான பாலத்தடியில் எவரேனும் ஒருவர் தங்கூசி நூலை நீரில் விட்டுவிட்டுக் காலத்தை மறந்திருப்பதும் நாம் பலகாலம் கண்டு பழகிய காட்சிகள்.

கண்டு பழகினோமேயன்றி, அவரருகே நின்று, "என்ன மீன் அகப்பட்டது?" என்று நாம் ஒரு நாளேனும் கேட்டதில்லை. நாம் சைவ போசனக்காரர். கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவர். தூண்டிலைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம், சூதாட்டத்திலே வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு வள்ளுவர் ஒப்பிட்டார் என்று மாணாக்கருக்கு உரை கூறிய அளவில் நின்றது. அத்தகைய நாம் சென்ற ஆவணி மாதத்திலே ஒரு நாள் விடியுமுன் எழுந்து, தூண்டிற்கோலும் கையுமாய்ப் பாணந்துறை பஸ்ஸில் ஏறினோம் என்றால் நேயர்கள் வியப்புறலாம். அதன் வரலாறு இதுதான்.

எம் தமக்கையார் தம் மகனுடன் சிட்னியிலிருந்து வந்து எம் இல்லத்திலே தங்கியிருந்தார். அத்தானுடைய ஆண்டுத் திவசத்தை இங்கே செய்வதென்று தீர்மானமாகியிருந்தது. அத்தானின் தாயார் இன்னும் வெள்ளவத்தையிலேதான் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் அம்மூதாட்டியை ஆகாய விமானத்தில் ஏற்ற இயலாது. பிள்ளையின் திவசத்துக்குத் தாய் இல்லாதிருப்பதும் முறையன்று. ஆகவே பிள்ளையின் குடும்பமே தாயைத் தேடி வந்தது.

அத்தான் வெள்ளவத்தைக் கால்வாயோரத்திலே வளர்ந்தவர். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே அவருடைய வீடு எரிந்தது. அகதிகளோடு அகதியாய்க் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது அவருக்கு வயது இருபது. பின்னர் சிட்னி. அந்நகரிலே அவர் தம் மகனுக்குக் கொடுத்த செல்வங்களுள் ஒன்று தூண்டில் போடும் பழக்கம். மகனுக்குத் தமிழ் சற்றுத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆயினும் தூண்டில், தங்கூசி, இரை, முள் என்னும் சொற்கள் மாத்திரம் வழுவின்றி வரும்.

வந்த மறுநாள் அவன் தன் பெட்டியிலிருந்து இன்னொரு சிறு பெட்டியை எடுத்துத் திறந்தான். பொற்கொல்லரின் பேழை போல அறை அறையாகப் பகுக்கப்பட்டிருந்த அதனுள், பல நிறத்திலும் பல வடிவத்திலும் மீன்களும் இறால்களும் நண்டுகளும் புழுக்களும் கிடந்தன. ஒன்றிலும் உயிரில்லை.

"இவையெல்லாம் லூர் மாமா. பொய் இரை" என்றான்.

"இத்தனை எதற்குத் தம்பி? மீனை ஏமாற்ற ஒரு பொய் போதாதா?" என்று கேட்டோம்.

அவன் சிரித்தான். "ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு பொய் வேண்டும் மாமா" என்று சொல்லி விளக்கத் தொடங்கினான்.

சிட்னியிலே ஜோர்ஜஸ் நதி முதலிய கழிமுகங்களிலே 'பிறீம்' என்றொரு மீன் உண்டு. வெள்ளிநிறம், தட்டையான உடல், முதுகிலே வரிசையாய் முட்கள், சிப்பியையும் நண்டையும் உடைத்துத் தின்னும் வலிய பற்கள். அதன் இனத்தைச் சேர்ந்த மீன்கள் எமது களப்புக்களிலும் உள. நதியோரத்து வீடுகளின் முன்னே 'பொண்டூன்' எனப்படும் மிதவைத் துறைகளைக் கட்டியிருப்பார்கள். அவற்றின் அடியிலும், நங்கூரமிட்டு நிற்கும் படகுகளின் கீழும் இம்மீன் வாசஞ் செய்யும். காரணம் மூன்று: அங்கே நிழல் உண்டு, மரத்திலும் கயிற்றிலும் பாசியும் மட்டியும் ஒட்டி வளர்வதால் உணவு உண்டு, நீர்க்காகம் முதலிய பகைகளுக்கு ஒளிவிடமும் உண்டு. நிழலில் நிற்கும் மீனுக்கு வெளிச்சத்திலுள்ள யாவும் துலக்கமாய்த் தெரியும். வெளியே இருப்பவருக்கோ மீன் தெரியாது. ஆகவே ஏமாற்றுவது எளிதன்று.

அவன் கூறிய நுட்பங்களுள் எமக்கு நினைவில் நிற்பவற்றைச் சொல்கிறோம். நெடுநாள் அசையாது கிடந்து அடிப்பாகம் பாசி பிடித்த படகே நல்ல படகு. நாள்தோறும் ஓடித் திரியும் படகின் அடியில் உணவு இராது. மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலால், இரை ஓட்டத்தோடு அதன் முன்னே வந்து சேர வேண்டும். இரையைத் தெரியும்போது முதலில் நோக்கவேண்டியது பாரம், அடுத்தது ஆழம், அதன்பின் நிறம், உருவம் கடைசியிலேதான். தெளிந்த நீருக்குப் பழுப்பும் இளம்பச்சையுமான ஒளியூடுருவும் நிறங்கள். கலங்கிய நீருக்கும் விடியற்பொழுதுக்கும் நிழலுருவாய்த் தெரியும் கருநிறம். ஆழமற்ற இடத்துக்கு முகத்திலே சிறு தகடு பொருத்தி முக்குளித்து ஓடும் மரமீன். ஆழமான இடத்துக்கு அதிர்ந்து செல்லும் உலோகத் தகடு. துறையின் ஓரத்துக்கும் படகின் நிழலுக்கும் ஈயத்தலையில் கோத்த மென்மையான றப்பர் இறால்.

நாம் பாடம் கேட்கும் மாணாக்கனைப் போலக் கேட்டுக் கொண்டிருந்தோம். முடிவிலே அவன் வந்த காரியம் வெளிப்பட்டது. அத்தான் இளமையிலே நண்பர்களோடு பஸ் ஏறிப் பொல்கொட வாவிக்குச் சென்று, அங்கே கட்டி நின்ற படகுகளின் அருகே தூண்டில் போடுவாராம். சிட்னியிலே எந்தப் பொண்டூனைக் கண்டாலும், "இது பொல்கொடையைப் போல இருக்கிறது" என்பாராம். அந்த இடத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றான் மகன்.

அக்காவின் முகம் மாறியது. "திவசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் உயிர்க்கொலையா?" என்றார்.

"கொல்ல மாட்டேன் அம்மா. பிடித்தாலும் விட்டுவிடுவேன்."

அக்கா எம்மைப் பார்த்தார். சரி என்பதா, கூடாது என்பதா என எமக்கும் தெரியவில்லை. கடைசியில், "நீயும் கூடப் போ" என்று எமக்கே ஆணை பிறந்தது. காவலாக அனுப்பப்பட்டோமா, சாட்சியாக அனுப்பப்பட்டோமா என்பதை நாம் இன்றுவரை கேட்கவில்லை.

காலி வீதியிலே 100ஆம் இலக்கப் பஸ் அந்நேரத்தில் பாதி வெறுமையாய் இருந்தது. தெகிவளை, கல்கிசை, இரத்மலானை கடந்து மொறட்டுவையில் இறங்கினோம். தச்சுத் தொழிலுக்குப் பேர்போன அவ்வூரிலே வாள் ஓசை இன்னும் எழவில்லை; புதுப் பலகையின் வாசனை மாத்திரம் தெருவில் விழித்திருந்தது. முச்சக்கர வண்டி ஒன்று எம்மைச் சில நிமிடங்களில் வாவிக்கரையில் சேர்த்தது.

கொழும்புக்கு இவ்வளவு அண்மையிலே இவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பு இருப்பதைப் பலர் சிந்திப்பதில்லை. பொல்கொட வாவி வடபகுதி, தென்பகுதி என இரண்டாய்க் கிடந்து, ஆற்றினால் இணைந்து, பாணந்துறையிலே கடலோடு கலக்கிறது. ஆகவே அது முற்றும் நன்னீருமன்று, முற்றும் உவர்நீருமன்று. கரையோரமெங்கும் கண்டல் மரங்களும் தென்னைகளும். வடகரையோரத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். வார இறுதியிலே பாய்ப்படகு ஓட்டுவோரின் கழகங்களும் விடுதிகளும் உண்டு. தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பிரதேசமாக இவ்வாவி அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கரையிலே பொலித்தீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும் ஒதுங்கிக் கிடந்ததை மறைப்பதற்கில்லை.

தோணியோட்டி ஒருவருடன் கூலி பேசினோம். எழுபதை எட்டிய சிங்கள முதியவர்; எமக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்து ஒரு பாஷையாயின. விடுதி ஒன்றின் மிதவைத் துறையருகே செல்லக் காவலாளியிடம் அனுமதி பெற்றுத் தந்தவரும் அவரே. வாவி கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடந்தது. ஆறேழு பாய்ப்படகுகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு உறங்கின.

மருமகன் முதலில் மரமீனை எறிந்தான். அது அழகாக முக்குளித்துச் சென்று, நங்கூரக் கயிற்றிலே கொளுவிக்கொண்டது. முதியவர் முணுமுணுத்தவாறே தோணியை வலித்துச் சென்று விடுவித்துக் கொடுத்தார். அடுத்து உலோகத் தகடு. அது கல்லைப்போல அடியில் விழுந்து சேற்றை அள்ளி வந்தது. பின் கருநிற றப்பர் இறால். அதன் தலையிலே மூன்றரைக் கிராம் ஈயம். இருமுறை ஏதோ வந்து தொட்டது, பற்றவில்லை. சூரியன் தென்னைகளுக்கு மேலே வந்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மீன் கிடைக்காததில் உள்ளூர எமக்குச் சிறிது மகிழ்ச்சியே. அக்காவுக்குச் சொல்ல இலகுவான செய்தி அதுவன்றோ!

முதியவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "மாத்தயா, இங்கே நீரோட்டம் குறைவு. உங்கள் இறால் மிகவும் அவசரப்படுகிறது" என்றார்.

மருமகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு தாழ்ந்த குரலிலே, "அப்பா ஈயமே போடமாட்டார் மாமா" என்றான்.

அத்தான் காலத்திலே பொய்யிரைப் பெட்டி ஏது? பாணைப் பிசைந்து உருண்டையாக்கி, முள்ளிலே குத்தி, ஈயக்குண்டு எதுவுமின்றிப் படகின் ஓரமாக விட்டுவிடுவாராம். அது படகிலிருந்து தவறி விழுந்த உணவைப் போலத் தானாகவே மெல்ல மெல்ல அமிழுமாம். "விழுகிறதை விழவிடு, நீ இழுக்காதே" என்பது அவர் மகனுக்குச் சொன்ன உபதேசம். இதையே சிட்னியிலே நூல்களிலும் படங்களிலும் வேறு சொற்களில் தான் திரும்பக் கற்றதாக மருமகன் சொன்னான். அடியை எட்டக்கூடியவற்றுள் மிக இலேசான பாரத்தையே தெரிய வேண்டும். மீன் பெரும்பாலும் இரை விழும்போதே எடுக்கிறது, இழுக்கும்போதன்று.

பெட்டியின் மூலையிலிருந்து ஒரு கிராம் ஈயத்தலையைத் தேடியெடுத்தான். அதன் முள்ளில் உள்நோக்கியிருக்கும் எதிர்முனையைக் குறட்டினால் நசுக்கித் தட்டையாக்கினான். அப்படிச் செய்தால் முள்ளைக் காயம் அதிகமின்றி எடுத்துவிடலாமாம். நிறத்தை மாற்றவில்லை, உருவத்தை மாற்றவில்லை. பாரத்தை மாத்திரமே மாற்றினான். மிதவைத் துறையின் நிழலோரத்திலே ஓசையின்றி விழுமாறு எறிந்து, கோலைத் தாழ்த்திக்கொண்டு பேசாதிருந்தான். இறால் அசைந்து அசைந்து ஒன்றரைப் பாக ஆழத்தை நோக்கி இறங்கியது. நூல் மெல்லத் தளர்ந்து சென்றது. ஒரு கணம் நின்றது. பிறகு பக்கவாட்டிலே விரைந்தது.

அதன்பின் நடந்ததை வருணிக்க எமக்குப் பயிற்சி போதாது. கோல் வில்லாய் வளைந்தது. மீன் துறையின் அடியை நோக்கி ஓடியது. நங்கூரக் கயிற்றிலே சுற்றிக்கொண்டால் அந்த மெல்லிய நூல் அறுந்துவிடும். முதியவர் சொல்லாமலே தோணியை வெளியே வலித்தார். மீன் நீருக்கு மேலே எழுந்து தலையை உதறியது. காலை வெளிச்சத்திலே அதன் கண் தணல்போல் சிவந்து மின்னியது.

"மோதா!" என்று கூவினார் முதியவர்.

"பரமண்டி!" என்றான் மருமகன், நம்ப முடியாதவனாய்.

"கொடுவா!" என்று எம் வாயிலிருந்தும் ஒரு சொல் பாய்ந்தது. சைவ போசனக்காரராயினும் யாழ்ப்பாணத்துச் சந்தைக்குப் பக்கத்திலே வளர்ந்தவரன்றோ நாம்!

மூன்று பெயரும் ஒரே மீனுக்குரியன. பிறீமுக்கெனத் தெரிந்த இரையைக் கொடுவா எடுத்துவிட்டது. அவுஸ்திரேலியாவிலே அதன் பெயர் பரமண்டி; குவீன்ஸ்லாந்துப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர் என்பர். அந்நாட்டின் வடபகுதி நதிகளுக்குரிய மீனாகையால், சிட்னியில் வளர்ந்த மருமகன் அதனைத் தூண்டிலில் கண்டதில்லை. எத்தனையோ காத தூரம் பறந்து வந்து, தகப்பனார் தூண்டில் போட்ட நீரிலே அதனைக் கண்டான்.

ஒரு முழத்துக்குச் சற்றே குறைந்த மீன். முதியவரின் முகம் மலர்ந்தது. சந்தையிலே நல்ல விலை போகும் மீன் மோதா. அவர் ஏற்கெனவே கூடையை எடுத்துவிட்டார். மருமகன் எம்மைப் பார்த்தான். இங்கேதான் எமக்குச் சங்கடம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம். கூலிக்குத் தோணி வலிக்கும் ஏழை முதியவரின் அடுப்பு ஒருபுறம். உண்பதற்குமன்று, விற்பதற்குமன்று என்றால், ஓருயிரை இவ்வாறு அலைக்கழித்தது எதற்கு? பொய்யிரையில் உயிரில்லை என்று சொல்லி வந்தோம். முள்ளில் துடித்ததற்கு உயிர் இருந்ததே!

"நாளை மறுதினம் இவனுடைய தகப்பனாரின் ஆண்டுத் திவசம். அதனாலே..." என்று தட்டுத் தடுமாறிச் சிங்களத்திலே சொல்லத் தொடங்கினோம். வாக்கியத்தை முடிக்கவில்லை. முதியவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். இறந்தவரின் ஆண்டு நிறைவிலே பிக்குமாருக்குத் தானங் கொடுத்துப் புண்ணியத்தை அவருக்குச் சேர்ப்பிப்பது அவர்களுடைய வழக்கம். எமது திவசம் அவருக்கு விளங்காத பொருளன்று. "அப்படியானால் விடத்தான் வேண்டும்" என்று கூறித் தாமே கையை நீரில் நனைத்தார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு நீங்கி நோய் பற்றும் என்பதை மருமகன் நூலிலே படித்திருந்தான். முதியவர் வாவியிலே படித்திருந்தார். கொடுவாவின் செவுள்மூடி கத்திபோற் கூரியது என்று எச்சரித்து, முள்ளை எடுத்து, மீனை நீருக்குள்ளே நிமிர்த்திப் பிடித்தார் முதியவர். அது இருமுறை வாயைத் திறந்து மூடியது; வாலை ஒருமுறை அடித்தது; நிழலுக்குள் மறைந்தது. கொடுவா இளமையில் ஆணாயிருந்து, வளர்ந்து பெருத்தபின் பெண்ணாய் மாறும் இனம். விடப்பட்டது இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தால், அவ்வாவிக்கு ஒரு தாயாகலாம்.

சேக்கிழார் சுவாமிகள் பாடிய அதிபத்த நாயனார் அப்போது எம் நினைவுக்கு வந்தார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே பிறந்த பரதவர் அவர். நாள்தோறும் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விட்டு வந்தார். வறுமை வந்து, ஒரு நாளுக்கு ஒரு மீனே கிடைத்த காலத்தும் அவ்வொன்றையே விட்டார். பொன்மீன் அகப்பட்டபோதும் விட்டார். அவருடைய குருபூசை இதே ஆவணி மாதத்து ஆயிலியத்தில் வருகிறது. ஆண்டுதோறும் அவ்வரலாற்றை வகுப்பிலே நாம் கூறி வந்திருக்கிறோம். பிடித்ததை விடுவது எத்துணைக் கடினம் என்பதை அன்றுதான் கண்டோம். மீன் எமக்குக் கடினமாயிருக்கவில்லை. கூடையைக் கீழே வைத்த முதியவருக்கே அது கடினம். ஆகவே எம் மூவருள்ளே அதிபத்தரின் வழியைச் சற்றேனும் தொட்டவர் அவர்தாம். பேசிய கூலிக்கு மேலே கொடுத்தோம். மேலதிகத்தை வாங்க மறுத்து, பின்னர், "தானத்துக்கென்று வைத்துக்கொள்கிறேன்" என்று பெற்றுக்கொண்டார்.

திரும்பும்போது புகையிரதத்திலே வந்தோம். மொறட்டுவையிலிருந்து வெள்ளவத்தை வரை கடலோரமாகச் செல்லும் அப்பிரயாணத்துக்கு நிகரான பிரயாணம் கொழும்பிலே வேறில்லை. ஆவணிக் கடல் நுரைத்து எழுந்து கற்களில் மோதியது. மருமகன் சாளரத்தோரம் இருந்து, அந்த ஒரு கிராம் ஈயத்தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இப்பக்கம் செல்ல விரும்பும் நேயர்களுக்கு ஒரு சொல். பஸ்ஸிலோ புகையிரதத்திலோ மொறட்டுவை சென்றால் வாவி அணித்தே உளது. காற்று எழுமுன் சென்றுவிட வேண்டும். பிறர் துறையருகே செல்லுமுன் அனுமதி கேட்க வேண்டும். பிறர் படகின்மேல் இரை எறிபடாதவாறு காத்துக்கொள்வது மரியாதை. அறுந்த தங்கூசியை நீரில் விட்டு வரலாகாது. நீர்ப்பறவைகளின் காலில் அது விலங்காகும். தூண்டில் இல்லாமற் சென்றாலும் குறைவில்லை. விடியற்பொழுதே போதுமான ஊதியம்.

வெள்ளவத்தையில் இறங்கியதும் மருமகன் நேரே அப்பம்மாவின் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்றான். சென்றோம். சாய்மனைக் கதிரையிலே இருந்த மூதாட்டி, கண்ணுக்கு மேலே கையை வைத்து, "எங்கே போய் வருகிறாய் ராசா?" என்று கேட்டார்.

"பொல்கொடைக்கு அப்பம்மா. கொடுவா பிடித்தேன்."

"எங்கே காட்டு."

"விட்டுவிட்டேன் அப்பம்மா."

மூதாட்டி நெடுநேரம் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பினாற் கண்ணைத் துடைத்தார். "உன் கொப்பனும் இப்படித்தான். விடிய விடியப் போவான். கேட்டால் கொடுவா என்பான். கொண்டு வந்து காட்டு என்றால், விட்டுவிட்டேன் என்பான். நான் ஒரு நாளும் நம்பவில்லை" என்றார்.

பிறகு பேரனின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "மீன் வாசனைதான்" என்றார்.